புழு வயிற்றில் சிக்கிய விசா

1

இந்த வயதில் என்னை வாசலில் நிறுத்தி வைத்துத் தலையை மோந்து பார்க்கிறார்கள். மோந்து பார்ப்பவள் என் அண்ணி ரத்னம்மா.

"எண்ணெ வெச்சியா மஞ்சு?"

"இல்ல அண்ணி. நேத்தே தலைக்கு ஊத்திக்கினன்."

"வாசன வருதே."

"அது ஷாம்பு."

"ஷாம்பும் வாணாம். போயி வெறுந்தண்ணி இன்னொருவாட்டி ஊத்திக்கினு வா. உள்ள எல்லாம் அஞ்சாம் பருவத்துல நிக்கிது."

மறுபேச்சு பேசாமல் தொட்டியடிக்குப் போனேன். பதினான்கு வருடமாக வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறவள், முனைவர் பட்டம் வாங்கியவள், சொம்பும் கையுமாக நிற்கிறேன். உள்ளே ராஜமரியாதையோடு நிற்பது பட்டுப்புழு.

சூளகிரிக்குப் பக்கத்தில் என் அண்ணன் முனிராஜின் வீடு இது. அண்ணனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இறக்கிவிடும். வீட்டை ஒட்டியிருக்கும் புழு மனை முழுக்க முழுக்க அண்ணியின் ராஜ்ஜியம். புழு கடைசிப் பருவத்துக்கு வந்துவிட்டால் இந்த வீட்டில் தாளிப்பு கிடையாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது, ஊதுவத்தி கிடையாது, முகத்துக்குப் பவுடர்கூடக் கிடையாது. பீடி பிடிக்கிற ஆள் வேலிக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். அந்த வாசனைகள் பட்டால் புழு தழை தின்னாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ராகிக் களி, வேகவைத்த கீரை, மோர். ஒரு வாரத்துக்கு இதுதான் எங்கள் சாப்பாடு.

நேற்று என் மகள் தாரிணிக்கு ஏழு வயது முடிந்தது. அவள் அங்கே, நான் இங்கே. அந்தப் பிறந்தநாளின் எண்ணெய் வாசனைதான் இன்று காலையிலும் அண்ணியின் மூக்கில் ஏறியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் இருக்கும் நாட்டின் பெயரை இதில் எழுத வேண்டாம் என்று கணவர் செல்வம் சொல்லியிருக்கிறார். "பரிசீலனையில இருக்கும்போது எதுக்கு வம்பு?" என்கிறார். அவர் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், எதிலும் நிதானம். எனக்கு அந்த நிதானம் இருந்திருந்தால் நான் இங்கே இப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன்.

2

என் வேலை என்னவென்று எங்கள் சொந்தத்தில் யாருக்கும் புரிந்ததில்லை. முதுகெலும்பு இல்லாத உயிர்கள் கொழுப்பை எப்படிச் செரிக்கின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை.

நாம் ஒரு போண்டா தின்றால், ஈரலிலிருந்து பித்தநீர் வந்து அதன் எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக உடைக்கும். கணையத்திலிருந்து லைப்பேஸ் என்கிற நொதி வந்து அந்தத் துளிகளை அறுத்து உடம்புக்குள் அனுப்பும். இறாலுக்கும் நண்டுக்கும் ஈரல் தனி, கணையம் தனி என்று கிடையாது. இரண்டு வேலையையும் ஒரே சுரப்பி பார்க்கிறது. பூச்சிக்கு அதுவும் இல்லை, குடலே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். தேன்கூட்டுக்குள் புகுந்து மெழுகையே தின்று ஜீரணிக்கிற புழுகூட உண்டு.

பட்டுப்புழுவின் குடல் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி. நம்முடைய லைப்பேஸை அதில் விட்டால் அரை நாள் தாங்காது. புழுவின் லைப்பேஸ் அதற்குள் அசராமல் வேலை செய்யும். மல்பெரித் தழையில் எண்ணெய் ஏது என்று கேட்பீர்கள். பச்சையத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வில் துளியூண்டு இருக்கும். அந்தத் துளியையும் விடாமல் வாங்கி, உடம்பில் கொழுப்பாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பின்னால் பூச்சியாக மாறி வெளியே வரும்போது அதற்குத் தின்பதற்கு வாகான வாய் இருக்காது. புழுவாக இருந்த நாளில் சேர்த்ததை வைத்துத்தான் மிச்ச ஆயுசு ஓட வேண்டும்.

இதற்கு ஒரு கம்பெனி எதற்காகச் சம்பளம் கொடுக்கிறது? சோப்புத் தூளுக்காக. காரத்திலும் பச்சைத்தண்ணீரிலும் வேலை செய்கிற நொதி கிடைத்தால் துணியில் பட்ட எண்ணெய்க் கறையை அது தின்றுவிடும். அவ்வளவுதான் சங்கதி.

அப்பாவின் திதிக்காக மூன்று வாரம் லீவு போட்டு வந்தேன். அங்கே தங்கும் அனுமதி முடிகிற நேரம். புது விசாவை ஊரில்தான் வாங்க வேண்டும், அதையும் முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று கணக்கு. நேர்காணலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சின்ன வயது, சிரித்த முகம். "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டாள். சோப்புத் தூள் என்று சொல்லியிருந்தால் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பாள். எனக்கு வாய் வரவில்லை. எங்கப்பா அடுத்தவன் தோட்டத்தில் கூலிக்குத் தழை வெட்டியவர். அவர் மகள் இவ்வளவு தூரம் படித்துப்போய்ச் சோப்புத் தூளுக்காகப் புழுவின் வயிற்றைக் கிழிக்கிறாள் என்று அந்தப் பெண் நினைத்துவிடுவாளோ என்று ரோஷம் வந்துவிட்டது. பட்டுப்புழுவின் குடலில் இருக்கும் ஒரு லைப்பேஸ் வைரஸைக்கூட அழிக்கும் என்றேன்.

பொய்யில்லை. புழுவுக்கு வருகிற பால்நோய் ஒரு வைரஸ்தான். குடல்நீரில் இருக்கும் அந்த நொதி அதன் வீரியத்தைக் கெடுக்கிறது. அதை நான் ஓரமாகப் பார்த்ததும் உண்டு. ஆனால் அந்தப் பெண்ணின் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றுவிட்டன.

"வைரஸா?" என்று கேட்டாள். சிரிப்பு போய்விட்டது. உள்ளே எழுந்து போனாள், வேறு ஒருவரோடு திரும்பி வந்தாள். கூடுதல் பரிசீலனை தேவைப்படுகிறது, பாஸ்போர்ட் எங்களிடம் இருக்கட்டும், நாங்களே தகவல் சொல்வோம் என்றார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது முதுகெலும்பு உண்டு, என்னை எந்த வகையில் சேர்ப்பது என்றே தெரியவில்லை.

3

மூன்று வாரம் மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டது. நான் வந்த பிறகு அண்ணி பிடித்திருக்கும் மூன்றாவது வளர்ப்பு இது.

முதலில் ஊர்க்காரர்கள் "எப்ப வந்த?" என்று கேட்டார்கள். பிறகு "எப்ப போற?" என்று கேட்டார்கள். இப்போது எதுவும் கேட்பதில்லை. கேட்காமல் பார்க்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. புருஷன் அனுப்பிவிட்டான் என்று குருபரப்பள்ளி வரைக்கும் பேச்சு போய்விட்டதாம். பர்கூரில் இருக்கும் சித்தி போன் போட்டு, "எதா இருந்தாலும் எங்கிட்ட சொல்லும்மா, பெரியவங்கள வெச்சிப் பேசிக்கலாம்" என்றாள். விசா என்றேன். "எல்லாரும் மொதல்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றாள்.

வெளியே போய் வரலாமென்றால் அதற்கும் தடை. வேறு ஒரு புழு மனைக்குப் போய்விட்டு வந்தவர் இந்த மனைக்குள் கால் வைக்கக்கூடாது, நோய் ஒட்டிக்கொண்டு வரும். இங்கே ஐந்து வீட்டுக்கு நாலு வீட்டில் புழு. ஆக யார் வீட்டுக்கும் போக முடியாது. ஓசூர் பஸ் நிலையத்தில் ஒருநாள் கண்டக்டர் சில்லறை கொடுத்ததும் என் வாயில் அந்த நாட்டு மொழியில் நன்றி வந்தது. அவர் தெலுங்கில் ஏதோ பதில் சொன்னார். கன்னடத்தில் ஒரு அம்மா சிரித்தாள். மூன்று பாஷை பேசுகிற ஊரில் நாலாவது பாஷையோடு நான் நின்றேன். நெடுஞ்சாலையில் பெங்களூர் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. விமான நிலையம் ஒன்றும் தூரமில்லை. அந்த வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

தகவல் வந்ததா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பதுதான் என் காலைக் கடன். திறந்தால் அதே வரி: பரிசீலனையில் உள்ளது. போன் செய்தால் ஒரு பதிவுக்குரல், அங்கேயும் அதே வரி. பக்கத்திலிருந்து பார்த்த அண்ணி, "இதுக்கு எங்க விஏஓ ஆபீஸ் தேவலயே. அங்கயாவது திட்டறதுக்கு ஒரு மூஞ்சி இருக்குது" என்றாள்.

அண்ணி ஆனேக்கல் பக்கத்தில் பிறந்தவள். கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவாள், கோபம் தணிந்ததும் தமிழுக்குத் திரும்பி வருவாள். அவளிடம் ஒரு நல்ல குணம், என் மேல் பரிதாபப்படமாட்டாள். நான் சோர்ந்து உட்கார்ந்தால் தழை வெட்டுகிற அரிவாளைக் கையில் கொடுத்துவிடுவாள்.

4

எனக்கு இதில் ஒன்றே ஒன்றுதான் பயம். வேலை போனால் போகட்டும். தாரிணி என்னை விட்டுப் போய்விடுவாளோ என்பதுதான் பயம்.

வந்த புதிதில் போனில் அழுதாள். அதைக் கேட்டு நானும் அழுதேன். பிறகு அழுகை நின்றது, அதற்காக நிம்மதிப்பட்டேன், முட்டாள். அதன் பிறகு போனுக்கு வருவதே குறைந்தது. "விளையாடுறா", "தூங்குறா", "பக்கத்து வீட்டுப் பிள்ளையோட வரைஞ்சிட்டிருக்கா" என்று செல்வம் ஒவ்வொன்றாகச் சொல்வார். வந்தாலும் அந்த நாட்டு மொழியில் இரண்டு வார்த்தை, பிறகு திரையில் அவளுடைய காது மட்டும் தெரியும். ஆராய்ச்சிக் கூடத்தில் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளிய எனக்கு அந்த மொழி நன்றி, வணக்கத்தோடு சரி. என் மகள் சொன்னதை எனக்கு என் கணவர் மொழிபெயர்த்துச் சொன்னார். பெற்றவளுக்குத் துபாஷி வைத்த கதை.

அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது புழு. ஒருநாள் சாயங்காலம் நான் தழை போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கை காலியில்லாததால் போனை அடுக்கின் ஓரத்தில் சாய்த்து வைத்தேன். திரையில் காது போய் இரண்டு கண்களும் வந்தன.

"அம்மா, அது என்ன சத்தம்?"

"புழு தழை திங்கற சத்தம்."

"அவ்ளோ சத்தமாவா? கிட்ட வை. இன்னும் கிட்ட."

அன்றிலிருந்து தினமும் எங்கள் சாயங்காலத் தழை போடும் நேரம், அவளுக்குப் பள்ளி விட்டு வருகிற நேரம், போன் வந்துவிடும். ஒரு மணி நேரம் அசையமாட்டாள். இன்றைக்கு எவ்வளவு நீளம், எது குண்டு, எது சோம்பேறி என்று கேட்பாள். புழு சம்பந்தப்பட்ட எந்த வார்த்தையும் அவளுக்கு அந்த நாட்டு மொழியில் தெரியாது. தழை, மனை, தோல் உரிப்பது எல்லாம் எங்களிடம் கேட்டுப் பழகிய தமிழில்தான். அதனால் அந்த ஒரு மணி நேரமும் அவள் தமிழச்சி.

புழு தோலுரிக்கப் போகும்போது தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிடும். இந்தப் பக்கத்தில் அதை ஜுரம் என்பார்கள். நாலாம் ஜுரத்தின்போது தாரிணி கேட்டாள், "ஏம்மா யாரும் தொடக்கூடாதுன்னு அத்தை திட்டுறாங்க?"

"திங்கும்போதுதான் அது வயித்துல காவக்கார நொதி இருக்கும். ஜுரத்துல அது திங்காதில்ல, அதனால காவக்காரனும் இருக்க மாட்டான். அப்ப நோய் சுலபமா பூந்துரும்."

"நீ சாப்ட்டியாம்மா?" என்றாள்.

களி சாப்பிட்டேன் என்றேன். அண்ணி அந்தப் பக்கம் திரும்பி அரிவாளைத் தேடுவதுபோல நின்றாள்.

அங்கே என் நாள் எப்படிப் போகும் என்றும் சொல்ல வேண்டும். இருட்டோடு அவளை எழுப்பி, உடுப்பு மேல் உடுப்பாக மாட்டி, பள்ளியில் தள்ளிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். ஆராய்ச்சிக் கூடத்தில் புழுக்குடலைப் பனிக்கட்டி மேல் வைத்துப் பிரிப்பது, நீர் எடுப்பது, அளப்பது. சாயங்காலம் இருட்டோடு அவளைக் கூட்டிக்கொண்டு வந்து சமையல். பிறகு மேலதிகாரிக்குப் பதில் எழுதுவது. அவள் தூங்கினதும் ஐயோ, இன்றைக்கு ஒன்றுமே பேசவில்லையே என்று தோன்றும். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நானும் படுத்துவிடுவேன்.

5

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கஜ்ஜாயம் என்றாள். வெல்லப் பாகில் அரிசிமாவைக் கிளறி, தட்டி, எண்ணெயில் பொரிப்பது. அங்கே ஒவ்வொரு வருடமும் செய்வேன். எண்ணெய் காய்ந்ததும் கூரையில் இருக்கும் புகை மணி அலறும். அதற்குக் கீழே நின்று துண்டை வீசுவது தாரிணியின் வேலை.

"அப்பா கடையில கேக் வாங்கித் தராரே கண்ணு."

"கேக் நான் சாப்புடுறேன். நீ கஜ்ஜாயம் சுடு, நான் பாக்குறேன்."

நேரம் பார்த்துக் கேட்டிருக்கிறாள். புழு அஞ்சாம் பருவத்தில் நிற்கிறது. அண்ணியிடம் போய்ச் சொன்னேன். அவள் கேட்டு முடிப்பதற்குள் கன்னடத்துக்குப் போய்விட்டாள்.

"அண்ணி, எண்ணெப் புகையில ஒரு நோயும் வராது. நோய் வைரஸ்ல வருது. இது எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும். புழுவுக்குத் தெரியணுமே! போன வருசம் எதிர் வூட்டுல கறி வறுத்தாங்க, எங்க புழு தழைய மோந்துகூட பாக்கல."

வைரஸைப் பற்றித்தான் நான் படித்திருந்தேன், வாசனை பிடிக்காமல் பட்டினி கிடக்கும் புழுவைப் பற்றி ஆராய்ந்ததில்லை. அவளுக்கும் என்னை அப்படியே விட மனசில்லை. ராத்திரிச் சோற்றின்போது அண்ணனிடம் முணுமுணுவென்று பேசினாள். காலையில் அண்ணன் ஷிப்டுக்குப் போகும் முன், தோட்டத்துக் கடைசியில் இருக்கும் மோட்டார் கொட்டாயில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். காற்று மனைப் பக்கம் அடிக்கவில்லையே என்று பத்து தடவை மண்ணைத் தூவிப் பார்த்தார்.

ஆக என் மகளின் ஏழாவது பிறந்தநாளை மோட்டார் கொட்டாயில் கொண்டாடினேன். போனை ஸ்டார்ட்டர் பெட்டி மேல் சாய்த்து வைத்தேன். அங்கே அவளுக்குக் காலை. புதுக் கவுன் போட்டு, மடியில் கேக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். இங்கே நல்ல வெயில், புகை கண்ணைக் கரித்தது. முதல் கஜ்ஜாயம் உடைந்தது. இரண்டாவது உப்பி வந்ததும் அவள் கைதட்டினாள்.

"அங்க மணி அடிக்காதாம்மா?"

"இங்க மணியே இல்ல."

"அப்ப நான் எதுக்குத் துண்டு எடுத்துட்டு வந்தேன்?" என்று கையிலிருந்த துண்டைத் தூக்கிக் காட்டினாள். செல்வம் பின்னால் நின்று சிரித்தார். நான் கஜ்ஜாயத்தைக் கடித்தேன், அவள் கேக்கைக் கடித்தாள். மூன்று மாதத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

பிறகு இழவு வீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரி கிணற்றடியிலேயே தலையோடு ஊற்றி, துணியை அங்கேயே அலசிப் போட்டு, மாற்றுச் சேலையில் வீட்டுக்குள் வந்தேன். மீதிக் கஜ்ஜாயத்தை அண்ணி கொட்டாயில் போய் நின்று தின்றுவிட்டு, தானும் குளித்துவிட்டு வந்தாள். இன்று காலையில் என் தலையை மோந்து பார்த்தவளும் அவளேதான்.

6

மேலே உள்ளதை எழுதி வைத்து ஒரு வாரம் இருக்கும். நடுவில் ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் ஆராய்ச்சியின் நடைமுறைப் பயன் என்ன, விளக்கவும். இந்த முறை ரோஷம் பார்க்கவில்லை. புழு தழையிலிருக்கும் கொழுப்பைச் செரிக்கிறது, அதே நொதியைச் சோப்புத் தூளில் போட்டால் எண்ணெய்க் கறை போகும், வேறு எதற்கும் இல்லை என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் இருந்திருந்தால், "சோப்பா? நல்ல தொழிலாச்சே!" என்றுதான் சொல்லியிருப்பார்.

புழுக்கள் கூடு கட்டத் தயாரானதும் உடம்பு மஞ்சள் பாய்ந்து கண்ணாடி மாதிரி ஆகும். அவற்றைப் பொறுக்கிச் சந்திரிகையில் விட வேண்டும். மூங்கிலில் சுற்றுச் சுற்றாகக் கட்டிய தட்டு அது. நானும் அண்ணியும் பொறுக்கிக்கொண்டிருந்தபோது என் போனில் மணி அடித்தது. விசா வழங்கப்பட்டது, பாஸ்போர்ட்டை வந்து வாங்கிக்கொள்ளலாம்.

"அண்ணி, வந்திருச்சு!"

அண்ணி கன்னடத்தில் எதையோ சொன்னாள், கோபமில்லாமல். கையிலிருந்த புழுவைச் சந்திரிகையில் விட்டுவிட்டு என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கெடுத்தாள். விரலெல்லாம் தழை வாசனை.

சாயங்காலம் வரை பொறுக்க முடியவில்லை, ஆனாலும் பொறுத்தேன். தாரிணி பள்ளியிலிருந்து வந்திருந்தாள். வந்ததும், "மஞ்சளாயிருச்சா? காட்டு" என்றாள்.

"தாரு, மொதல்ல இத கேளு. அம்மாவுக்கு விசா வந்திருச்சு. அடுத்த வாரம் அங்க வந்துருவன்."

துள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்பாவின் பக்கம் திரும்பி அந்த நாட்டு மொழியில் ஏதோ வேகமாகச் சொன்னாள். செல்வத்தின் முகம் மாறியது.

"என்ன சொல்றா?"

"ஒண்ணுமில்ல மஞ்சு. சந்தோஷத்துல என்னமோ..."

"நீங்க சொல்ல வேணாம். தாரு, நீ சொல்லு கண்ணு. தமிழ்ல சொல்லு."

அவள் திரையைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைத் திருகினாள்.

"இங்க வந்தா நீ லேபுக்குப் போயிருவ."

"போனா என்ன? சாயங்காலம் வந்துருவன்ல?"

"வந்து சமைப்ப. அப்புறம் லேப்டாப் பாப்ப." ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்தாள். "போன்லன்னா நீ என்னை மட்டும் பாக்குற."

பின்னால் அண்ணி பொறுக்குவதை நிறுத்திவிட்டாள். இந்த மூன்று மாதமும் நான் எதிலிருந்து விடுபட்டுப் போகவேண்டும் என்று தவித்தேனோ, அதில்தான் அவளுக்கு அம்மா கிடைத்திருக்கிறாள். திரும்பிப் போகிற இடத்தில் பஸ் இருக்கிறது, பனிக்கட்டித் தட்டு இருக்கிறது, மேலதிகாரி இருக்கிறார். வேலையை விட்டால் இந்த விசாவும் போய்விடும்.

"அழாதம்மா" என்றாள். நான் அழுவது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவள் முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுவந்தாள்.

"நீ இங்க வந்ததுக்கு அப்புறமும், சாயங்காலம் எனக்குப் போன் பண்ணுவியாம்மா?"

"பண்றன் கண்ணு" என்றேன்.